கை கழுவச் சொன்னவள்

நான் கொடுத்த சோப்பை எதிர் வீட்டுக்காரி அரிசி டின்னுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"ஏம்மா, இது இன்னா இங்க குந்திக்கினு கீது?" என்று கேட்டேன்.

"யாராச்சும் வந்தா வேணுமில்ல நர்சம்மா" என்றாள்.

அன்றைக்கு வந்த யாராச்சும் நான்தான். சோப்பை எடுத்து, உறை கிழியாமல் பிரித்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு என்னிடம் நீட்டினாள். நான் கழுவினேன். அவள் சோப்பை முந்தானையில் ஈரம் போகத் துடைத்து, மறுபடி உறைக்குள் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு தன் விரல் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக்கொண்டு, களியை உருட்டி என் தட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கை, வெளிக்குப் போயிருந்த குழந்தைக்குக் கால் கழுவிவிட்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய? சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்று சொல்கிற பக்கம் எங்கள் பக்கம். நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கஷ்டம்.

நான் கிராம சுகாதார செவிலியர். சொந்த ஊர் ஒடுகத்தூர். வேலை, மலைமேல், புதூர்நாட்டுக்கு அப்பால் ஜீப்பில் போகிற ஒரு சின்ன ஊரில். துணை சுகாதார நிலையத்தின் பின்னறையில்தான் தங்கல். வாரக் கடைசியில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி வீட்டைப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாளெல்லாம் எனக்கு அக்கம்பக்கம் என்றால் எதிர் வீடுதான். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஜீப் ஓட்டுகிறவன். பெரிய பிள்ளைகள் இரண்டும் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். வெகு நாள் கழித்துப் பிறந்த மூன்றாவது, ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தது. எனக்கு உடம்பு சரியில்லாத நாளில் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். என் துணியை மழைக்கு முன்னால் எடுத்து மடித்து வைத்தவளும் அவள்தான். நல்லவள். நான் சொல்வதை மட்டும் கேட்க மாட்டாள்.

அந்த ஊரில் யாரும் அழுக்குப் பிடித்தவர்கள் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீழேயிருந்து வருகிறவர்கள் உடனே அப்படித்தான் நினைக்கிறார்கள். வாசலைப் பெருக்கி, சாணி தெளித்து, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் கையை அப்படித் தேய்த்துக் கழுவுவார்கள், கருவாட்டு வாசம் போகும்வரை. சாப்பிடுவதற்கு முன்னால்தான் கழுவ மாட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற எதையும் விட மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கையில் இருக்கிறது என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எதிர் வீட்டு ஜீப்காரன் இதில் எல்லாருக்கும் மேல். வண்டியில் வேலை பார்த்துவிட்டுத் துணி சோப்புத் தூளும் மண்ணும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பான். கிரீஸ் போனதும் இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவான்.

"பார்த்துக்கோங்க நர்சம்மா. சுத்தமா கீதா?"

"இது கிரீஸுக்குக் கழுவுனது. கக்கூஸ் போய்ட்டு வந்தா?"

"அதுக்கு எதுக்கு? அதுலதான் ஒண்ணும் ஒட்டலியே" என்பான்.

எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருந்தது. சோப்பு நர்சு. நான் தெருவில் வருவதைப் பார்த்ததும் பெண்கள் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இந்த நிலைமையில், கை கழுவுவதைப் பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று மேலேயிருந்து சொன்னார்கள். நேரம் பார்த்து, நல்ல கோடையில். ஊத்து சுருங்கிப்போய், பெண்கள் பாறைக்கு அடியில் குந்தி, தேங்காய் ஓட்டால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த காலம். மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். தேதி குறித்தாகிவிட்டது என்றார்கள்.

அதிகாரி வந்தார். பேனர் வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் வரிசையாகக் குழாய் வைத்து ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். குழாய்கள் புதுசாகப் பளபளவென்று இருந்தன. அதற்குப் பின்னால் பைப் இல்லை. வந்து போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். ஆகவே பெண்களைக் கூப்பிட்டு, ஊத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார்கள். அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று நிதானமாகச் செய்து காட்டினார். நல்லவிதமாகத்தான் செய்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் தேய்த்து முடிக்கிறவரைக்கும் ஒருத்தி பக்கத்தில் நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் கழுவினார். தண்ணீர் மண்ணில் ஓடிப் பள்ளத்தில் தேங்கியது. பெண்கள் யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் ஜீப் திரும்பி மறைந்ததும் எதிர் வீட்டுக்காரி என்னிடம் வந்தாள்.

"நர்சம்மா, இன்னா நீங்க, இதத்தான் இத்தினி நாளா எங்கள செய்யச் சொன்னீங்களா? ஒரு ஆளு கையி கழுவ ஒரு கொடமா? எங்க வூட்ல நாங்க குடிக்கறதா, கழுவறதா?"

"அவ்ளோ தண்ணி வேணாம்மா. அர சொம்பு போதும். நனைச்சிட்டு, சோப்பு போட்டுத் தேய்க்கற வரைக்கும் தண்ணிய ஊத்தாத. அப்பறமா அலசு."

"அப்பறம் அவரு ஏன் அப்டி செஞ்சாரு? உங்களவிடப் பெரியவருதான?"

மறுநாளிலிருந்து அரை சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாசலில் நின்று, சொம்பைக் காட்டி, கழுவிக் காட்டி, மிச்சத் தண்ணீரையும் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லார் மனசிலும் அந்தப் பள்ளத்துத் தண்ணீர்தான் நின்றது. அதுவரைக்கும் அரைகுறையாகக் கழுவிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே கத்தினேன். இன்னா ஜனங்கடா இது, இன்னா அதிகாரிங்கடா இது என்று. யாருக்கும் கேட்கவில்லை.

பலாப்பழ நாள் வந்தது. மலைமுழுக்க அந்த வாசம். ஜீப்காரன் சந்தைக்குப் பழம் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருவான், வெடித்த பழங்கள் வீட்டிலேயே நின்றுவிடும். பலாப்பால் கையில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் சுளை எடுப்பார்கள், எடுத்த பிறகும் எண்ணெய் தேய்த்துத் துணியில் துடைப்பார்கள். பிசின் போய்விட்டால் கை சுத்தம். அந்தக் கையால் சுளையைக் கொட்டை நீக்கி, பிட்டுப் பிட்டுக் குழந்தை வாயில் கொடுப்பார்கள். நான் வாசலில் நின்று சொல்லுவேன். "எண்ணெ பூசறது கழுவறதில்லம்மா." அவள் சுளையை நீட்டுவாள். "துன்னுங்க நர்சம்மா, தேன் மாதிரி கீது."

முதலில் மேல் தெருவில் ஒரு வீட்டில் பேதி. பிறகு அடுத்த வீடு. ஒரு வாரத்துக்குள் பாதி ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது. நான் ஊத்துத் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் போட வைத்தேன். உப்பு சர்க்கரைப் பாக்கெட்டுகளைக் கரைத்துக் கொடுத்தேன். காய்ச்சின தண்ணீரைக் குடியுங்கள், கையைக் கழுவுங்கள் என்று தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னேன். அவர்களுக்கு வேண்டியது வேறு.

"ஊசி போடுங்க."

"இதுக்கு ஊசி வேணாங்க. இந்தத் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா குடிக்கணும்."

"உப்புத்தண்ணி எங்க வூட்லயே கீதே. நீங்க எதுக்கு?"

சிலர் பழத்தைக் குறை சொன்னார்கள். சிலர் நான் போட்ட பிளீச்சிங் பவுடரால்தான் வந்தது என்றார்கள். பவுடர் போடுவதற்கு முன்னாலேயே பேதி தொடங்கிவிட்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் என்னிடமே நேராகக் கேட்டார்: "கையி கழுவு கழுவுன்னீங்களே, கழுவச் சொன்னப்பறந்தானே வந்துச்சி?" பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஒரு நாள் காலையில் எதிர் வீட்டிலிருந்து அவள் ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை. தலை தோளில் சரிந்து கிடந்தது.

"விடியலேர்ந்து போய்க்கினே கீது நர்சம்மா. எது குடுத்தாலும் கக்குது."

வாங்கிப் பார்த்தேன். கண் குழிவிழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. அழுதது, கண்ணீர் இல்லை. எனக்கு அதுவரைக்கும் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"வண்டிய எடுக்கச் சொல்லு" என்றேன்.

ஜீப்காரன் வண்டியை எடுத்தான். அவள் முன்சீட்டில், குழந்தை அவள் மடியில், நான் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு. என் கையில் கரைசல் டம்ளரும் ஒரு ஸ்பூனும். மலைப்பாதை வளைவில் ஒவ்வொரு ஸ்பூனையும் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடும். ஒரு ஸ்பூன் உள்ளே போனால் கொஞ்சம் பொறுத்து, அடுத்த ஸ்பூன். கக்கினால் மறுபடியும் பொறுத்து, மறுபடியும் தொடங்குவேன். அவள் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவள் புருஷன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"பொழைச்சிக்குமா?"

"நீ ரோட்டப் பாரு" என்றேன். வேறு எதைச் சொன்னாலும் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். சின்னக் கையில் நரம்பு தேடி ஊசி குத்தி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து, நன்றாக, உரக்க அழுதது. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அவளும் அழுதாள். நான் வெளியே போய் டீ குடித்தேன். அன்றைக்கே நான் மலைக்குத் திரும்பிவிட்டேன், அங்கே மற்ற வீடுகள் இருந்தன. அவள் குழந்தையோடு தங்கினாள்.

சில நாள் கழித்து வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். முகத்தில் ஒரு பெரிய செய்தி.

"நர்சம்மா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் எதுனால வந்துச்சி தெரியுமா?"

"எதுனால?"

குரலைத் தாழ்த்தினாள். "கையிலதான் கீதாம். கண்ணுக்கே தெரியாதாம். சோப்பு போட்டுக் கழுவினாத்தான் போவுமாம். கால் கழுவிவுட்டா ஒரு வாட்டி, ஊட்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி. டாக்டரு சொன்னாரு."

"இன்னாது?" என்றேன்.

"நெசமாத்தான் நர்சம்மா. பெரிய டாக்டரு. நீங்க வேணும்னா எல்லா வூட்லயும் போய்ச் சொல்லுங்க."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "ஏய்! நான் இன்னாடி இத்தினி வருசமா ஒன் வூட்டு வாசல்ல நின்னு கத்திக்கினு இருந்தேன்? பாட்டா பாடுனேன்?" என்று கத்திவிட்டேன். அவளை நான் அதற்கு முன்னால் 'டி' போட்டதே இல்லை. குழந்தை பயந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

"நீங்க தெனமும் சொல்றீங்க. தெனமும் சொல்றது காதுல வுழுமா? கோயி கத்தற மாதிரி, அது பாட்டுக்கு அது. அவரு ஒரே வாட்டி சொன்னாரு. அதுவும் புள்ள அப்டிக் கெடக்கறப்ப சொன்னாரு."

கோழி கத்துகிற மாதிரி. நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். பிறகு, "வண்டியில நீங்க ஸ்பூன்ல குடுத்தீங்களே, அது மட்டும் இல்லன்னா வழியிலயே போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. அதயும் சொல்லணும்னுதான் வந்தேன்" என்றாள். அதையாவது முதலில் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குத் தொடங்கினாள். வாசலில் ஒரு பழைய பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, ஆணியால் ஓட்டை போட்டு, குச்சி சொருகினாள். குச்சியை எடுத்தால் நூல் மாதிரி தண்ணீர் விழும். சோப்பைப் பழைய காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டாள், காக்காய் தூக்கிப்போகாமல் இருக்க. இதே கேன்தான், நான் படத்தில் காட்டி, செய்தும் காட்டி, ஒருத்தரும் தொடாமல் போன கேன். இப்போது மேல் தெருப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். அவள் விளக்கினாள். "டாக்டரு சொன்னாரு" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்தது. உடம்பு தேறாதவர்கள் இருந்த வீடுகளுக்கு அவளே போய்ச் சொன்னாள். அவள் குழந்தை எப்படிக் கிடந்தது, கண் எப்படிக் குழிவிழுந்தது என்று சொல்லி, பிறகு கையைப் பற்றிச் சொன்னாள். கேட்டார்கள். ஒவ்வொரு வாசலாகக் கேன் தொங்க ஆரம்பித்தது.

நான் அவள் பின்னால் நின்று, எனக்குச் சேர வேண்டிய தலையாட்டல்களையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். வயிறு எரிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கீழே போனபோது, ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். இளம் வயது. கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து வந்த குழந்தை, அதன் அம்மா, கை கழுவச் சொன்னீர்களே, ஊரே மாறிப்போச்சு என்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"சொல்லியிருப்பேன் சிஸ்டர். எல்லாருக்கும் சொல்றதுதானே" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவருக்கு நினைவுகூட இல்லை. பஸ்ஸில் வரும்போது முதலில் கோபம் வந்தது, பிறகு அந்த நெரிசலில் நின்றுகொண்டே சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

மழை வந்தது. ஊத்து பெருகியது, பலாப்பழமும் முடிந்தது, பேதியும் நின்றது. மழையால் நின்றதா, பழம் தீர்ந்ததால் நின்றதா, கையால் நின்றதா என்று என்னைக் கேட்டால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. கை கழுவின வீடுகளில் முதலில் நின்றது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக் குழாய்க்கு இன்னும் பைப் வரவில்லை.

அவளோ அடங்கவில்லை. குழந்தையைத் தொட யார் போனாலும், "மொதல்ல கேனு" என்பாள். உறவுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கு அழைக்க வந்து, தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்று, கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நான் ஊர் சுற்றிவிட்டு வந்து குழந்தையைத் தூக்கப் போனால் என்னையும் கேட்கிறாள். நான் நர்ஸ் என்றால், "டாக்டரு எல்லாருக்குந்தான் சொன்னாரு" என்கிறாள். கழுவுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு எல்லாம் கழுவுகிறேன், அவள் பார்க்கிறாள் என்பதற்காக.

போன வாரம் அவள் புருஷன் என்னிடம் வந்தான். சவாரி முடித்துப் பசியோடு வந்தவனை, தட்டு வைத்த பிறகு எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறாள். அவன் கழுவிவிட்டு வந்து கையை விரித்துக் காட்டியிருக்கிறான். நகக்கண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பியிருக்கிறாள்.

"முடியல நர்சம்மா" என்றான். "வூட்ல ஒரு வாய் சோறு நிம்மதியாத் துன்ன முடியல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"நான் சொல்லி அவ எப்பய்யா கேட்டிருக்கா?" என்றேன்.